சிரட்டை கவிழ்த்த தடிகள்

போன மாதம் எனக்குப் பிரியாவிடைத் தேநீர் தந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: இடங்காட்டும் செய்மதிக் கருவி இல்லாத காலத்தில், கடலுக்குள் ஒரே இடத்துப் புல்லை எப்படி வருடக்கணக்காக அளந்தீர்கள்? தடி நட்டு அளந்தோம் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். வடை ஆறிக்கொண்டிருந்ததால் நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் அந்தத் தடிகளைப் பற்றிச் சொல்ல வேறு விஷயமும் இருக்கிறது. உங்களுக்கு அது உதவலாம். உதவாவிட்டாலும் எனக்கு அதை எழுதவேண்டும் போலிருக்கிறது.

எண்பத்து நான்காம் ஆண்டு நாங்கள் இருவர் ஒரே நாளில் இந்த வேலையில் சேர்ந்தோம். நான் நீர்வேலி; வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண். மற்றவள் பருத்தித்துறைப் பக்கம். பாய்க்கப்பல் காலத்திலிருந்தே கடலோடிய குடும்பம், ஆனால் அவளுக்கு நீந்தத் தெரியாது. அதைத் தானே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பாள். நான் எதையும் இரண்டு தரம் அளப்பவள். அவள் ஒரு தரம் பார்த்துவிட்டு, "எடி, பேந்தென்னத்துக்குக் கண்ணை வைச்சிருக்கிறாய்?" என்பாள். எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர்கள் என்று யோசித்தால் மேலதிகாரிகள் யாரும் நினைவுக்கு வருவதில்லை, அவள்தான் வருகிறாள். பெயரை எழுதவேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். எழுதினால் சொந்தக்காரர் வாசித்துவிட்டு வயதைக் கணக்குப் பார்ப்பார்களாம்.

எங்களுக்குக் கிடைத்த இடம் யாழ்ப்பாணக் கடலேரியின் ஒரு மூலை. வலிகாமத்துக் கரை ஒன்றையும் எதிரே இருந்த சின்னத் தீவுக் கிராமத்தையும் ஒரு தாம்போதி இணைத்தது. தாம்போதியின் நடுவில் ஒரு மதகு. அதனூடாகத்தான் பெருக்கின்போது தண்ணீர் உள்ளே வரும், வற்றின்போது வெளியே போகும். தாம்போதிக்கு வெளியே திறந்த கடலேரி. உள்ளே முழங்கால் ஆழத்தில் பெரிய சேற்றுவெளி. இரண்டு பக்கமும் அகன்ற இலைக் கடற்புல் மெத்தை மெத்தையாக இருந்தது. கரையில் ஒதுங்கும் அதன் சருகைத்தான் எங்கள் ஊரில் சாதாழை என்று வண்டியில் ஏற்றிவந்து புகையிலைக்கும் வாழைக்கும் பசளையாகப் போடுவார்கள். சின்ன வயதில் அதை நான் காலால் மிதித்துத் தாட்டிருக்கிறேன். அது ஒரு காலத்தில் கடலுக்குள் பச்சையாக நின்று அசைந்தது என்பதை வேலைக்கு வந்த பிறகுதான் கண்ணால் கண்டேன்.

வெயில் மாதங்களில் கடலேரி சுருங்கும். தண்ணீர் சுடும், உப்பு ஏறும். வற்று நேரத்தில் புல் வெறும் வெயிலில் படுத்துக் கிடக்கும். இவற்றையெல்லாம் புல் எவ்வளவு தாங்கும், எதற்குப் பிறகு தாங்காது என்பதுதான் எங்கள் கேள்வி. உங்கள் கேள்வியும் அதுதான். கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

தாம்போதியின் இரண்டு பக்கமும் சில பாத்திகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் நான்கு மூலைக்கும் தடி நட்டோம். அடுத்த முறை போனபோது ஒரு தடிகூட இல்லை. எல்லாம் கரையில் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன. பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். இராசதுரை அண்ணையை நாங்கள் கண்டது அப்படித்தான்.

அவர் களங்கட்டித் தொழில் செய்பவர். வற்றோடு திரும்பும் மீனை மறிக்க, கடலேரிக்குள் வரிசையாகத் தடி நட்டு வலை கட்டுவதுதான் களங்கட்டி. யார் எந்த இடத்தில் தடி நடலாம் என்பது அங்கே குடும்பம் குடும்பமாக வந்த உரிமை. அந்த இடத்தைப் பாடு என்பார்கள். ஓரிடத்தில் நான்கு புதுத் தடி நிற்கிறது என்றால் யாரோ பாடு பிடித்துவிட்டார்கள் என்றுதான் அந்தக் கரைக்குப் பொருள். இரண்டு வருடம் பாடம் படித்துப் பரீட்சை எழுதி வந்த எங்களுக்கு இது தெரியாது.

"உங்கை ஆற்றை பாட்டுக்குள்ளை ஆர் தங்கச்சி தடி நட்டது?" என்று கேட்டார்.

என் சினேகிதி, நாங்கள் மீன் பிடிக்க வரவில்லை, புல் அளக்க வந்தோம் என்றாள்.

"புல்லோ? மாட்டுக்கோ?"

"மாட்டுக்கெண்டால் அறுத்தெல்லே கொண்டு போவம். நாங்கள் அளந்துபோட்டு அப்பிடியே விட்டிட்டுப் போறனாங்கள்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அரசாங்கச் சம்பளத்துக்கு இப்படியும் வேலை இருக்கிறதா என்று யோசித்திருக்க வேண்டும். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். நான்கு தடி வேண்டாம், பாத்திக்கு நடுவில் ஒரு தடி நடுங்கள். அதன் தலையில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து இறுக்கிவிடுங்கள். சிரட்டை கவிழ்த்த தடியில் யாரும் வலை கட்ட முடியாது. ஆகவே அது பாட்டுத் தடி இல்லை என்று தூரத்திலேயே தெரியும். அன்றே தன் வீட்டுச் சிரட்டைகளைக் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு எங்கள் தடியை யாரும் தொடவில்லை. அந்தக் கரையில் எங்களுக்குப் பெயரும் கிடைத்தது: புல்லளக்கிற பிள்ளையள்.

நீங்கள் எந்தக் கரைக்குப் போனாலும், நீங்கள் நடுவது அங்குள்ளவர்களுக்கு என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். அது மனிதருக்கு மட்டுமல்ல என்பதை நாங்கள் தெரிந்துகொள்ளப் பல வருடம் எடுத்தது.

தொண்ணூறில் சண்டை மீண்டும் தொடங்கியபோது ஒரு ஷெல் தாம்போதியின் நடுவில், மதகுக்கு மேலே விழுந்தது. தீவுக் கிராமத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தார்கள், காயக்காரரும் இருந்தார்கள். ஊர் கூடி ஒரே நாளில் அந்தப் பள்ளத்தைக் கல்லும் மண்மூட்டையும் தென்னங்குற்றியும் போட்டு நிரப்பியது. மதகும் அதோடு மூடிப்போனது. அன்றைக்கு அது சரியான வேலைதான். அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து உள்பக்கத்துச் சேற்றுவெளிக்குப் பெருக்கும் இல்லை, வற்றும் இல்லை. மாரி மழை மட்டும் வந்து நிரப்பும், வெயில் வந்து காய்ச்சும்.

இன்னொன்றும் நடந்தது. கடலேரியில் தொழில் செய்யத் தடை வந்தது. வலைகள் வீட்டுக்குப் போயின. மண்ணெண்ணெய் இல்லை, விறகும் கிடையாது. களங்கட்டித் தடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நின்ற தடிகள் எல்லாம் ஒரே வருடத்தில் அடுப்புக்குப் போய்விட்டன. எங்கள் தடிகளை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. அடுப்பெரிக்க வழியில்லாதவர்கள்கூட, அது பிள்ளையளின்ரை தடி என்று விட்டுவைத்தார்கள். எங்களுக்கு அது பெருமையாக இருந்தது.

நாங்கள் சைக்கிளில் போய் வந்தோம். அவள் முன்னால் மிதிப்பாள், நான் பின்னால். எதிர்க்காற்று என்றால் அவள் தன் அப்பாவின் கப்பல் பாட்டு ஒன்றைச் சத்தமாகப் பாடுவாள், மூச்சு வாங்கினால் நடுவில் விட்டுவிடுவாள். அந்தப் பாட்டின் முடிவை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்று வெயில்காலம் போனது. உள்பக்கத்துத் தண்ணீர் நாக்கில் வைக்க முடியாத உப்பாகியது. இறால் குறைந்தது. தடைக்குப் பிறகு இராசதுரை அண்ணையின் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிழைப்பு, கரையோரச் சேற்றில் இறங்கிப் புல்லுக்குள் கையால் தடவி இறால் பிடிப்பதுதான். அவர் மனைவியும் மகளும் காலையில் இறங்கினால் மத்தியானத்தில் ஓலைப்பறியின் அடிதான் மறையும்.

அவரும் இன்னும் சில குடும்பத்தவரும் மதகைத் திறந்துவிடச் சொல்லி வீதிப் பொறியியலாளரிடம் போனார்கள். அவர் நியாயமான மனிதர். ஆனால் அவர் கணக்கு வேறு. மதகைத் திறப்பதென்றால் பாதையை வெட்டவேண்டும். சீமெந்து கிடைக்காது. பனங்குற்றி போட்டுத்தான் மேலே பாலம் கட்டவேண்டும். அதுவரை மருந்து வாகனமும் வெங்காய வண்டியும் தீவுக்குப் போக முடியாது. அவர் எங்களைக் கூப்பிட்டார். உள்ளே புல் சாகிறதென்றால் மாரிக்கு முன் திறக்கிறேன், புல் உயிரோடு நிற்கிறதென்றால் பாதையில் கை வைக்கமாட்டேன், இரண்டில் ஒன்றை எழுதித் தாருங்கள் என்றார்.

எங்கள் அளவுகள் தெளிவாக இருந்தன. உள்பக்கத்துப் பாத்திகளில் புல் குறையவில்லை. முன்னையைவிட அடர்த்தியாகவே நின்றது. அகன்ற இலைப் புல்லுக்கு இடையில் நூல்போல மெல்லிய இலைப் புல்லும் புதிதாக வந்திருந்தது. வெப்பத்துக்கும் உப்புக்கும் புல் பழகிக்கொள்கிறது என்றே நாங்கள் நினைத்தோம். அப்படி ஒரு முடிவு கிடைத்ததில் எங்களுக்கு உள்ளூர மகிழ்ச்சியும் இருந்தது. சுற்றிவரச் சனம் செத்துக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒன்றாவது தாக்குப்பிடிக்கிறதே என்று. உயிரோடு நிற்கிறது என்று அறிக்கையை எழுதினோம்.

இராசதுரை அண்ணைக்கு அதை நேரே சொல்லவேண்டும் என்று போனோம். அவர் வாக்குவாதப்படவில்லை.

"அப்ப சரி தங்கச்சி. நீங்கள் படிச்சனீங்கள். மாரியோடை நாங்கள் கரவெட்டிக்குப் போறம். மச்சானுக்குத் தோட்டம் இருக்கு, வெங்காயம் கிண்டலாம்." பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மண்வெட்டி பிடிச்சுப் பழக்கமில்லை. பாப்பம்."

பொறியியலாளர் கூட்டியிருந்த கூட்டத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நான் எதையும் இரண்டு தரம் அளப்பவள் என்றேனே, அந்தப் பழக்கத்தில், அறிக்கையைக் கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துவருவோம் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவள் வழியெல்லாம் முணுமுணுத்தாள். உள்பக்கத்து நடுப்பாத்தியில் நான் குனிந்து இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் தடியைப் பிடித்துக்கொண்டு நின்று, எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று குறிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எடி."

"பொறு. எண்ணுறன்."

"எடி, என்ரை தலையிலை பசளை போட்டிட்டுது."

நிமிர்ந்தேன். அவளுடைய தொப்பியிலும் தோளிலும் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. சிரட்டையில் இருக்க வந்த நீர்க்காகம் எங்களைக் கண்டு திரும்ப எழும்பி, எழும்பும்போது செய்துவிட்டுப் போனது. இன்னும் கொஞ்சத் தூரம் பறந்து அடுத்த தடியின் சிரட்டையில் போய் இருந்து செட்டையை விரித்தது. அதற்கடுத்த தடியில் இன்னொன்று இருந்தது.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு நின்றது.

கடலேரி முழுவதும் தடி நின்ற காலத்தில் பறவைகள் எங்கும் பரந்து இருந்தன. இப்போது அந்த வெளியில் பறவை காலூன்ற எங்கள் தடிகளைத் தவிர வேறொன்றும் இல்லை. போதாததற்கு, வசதியாகக் குந்தியிருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிரட்டை. மூன்று வருடமாக அத்தனை பறவையும் எங்கள் பாத்திகளின் நடுவில் இருந்து எருப் போட்டிருக்கின்றன. எண்பத்து நான்கில் சரியாக இருந்த முறை தொண்ணூற்று மூன்றில் பிழையாகிவிட்டது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. எங்களைச் சுற்றித்தான் எல்லாம் மாறியிருந்தது.

அவள் தொப்பியைக் கழற்றி உப்புத்தண்ணீரில் அலசியபடி சொன்னாள்: "நீர்வேலியிலை பிறந்தனி. வாழைக்கு எருத் தாட்ட கை. உனக்கெண்டாலும் தெரிஞ்சிருக்க வேண்டாமோ?"

அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கோபமாக அவள் சொல்லவில்லை. வேறு யாரும் என்னிடம் அப்படி உரிமையோடு கேட்கப் போவதுமில்லை.

அடுத்து என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் முரண்பாடு வந்தது. நான் சொன்னேன், அறிக்கையைக் கொடுக்காமல் விடுவோம், எங்களுக்குத் தெரியாது என்று சொல்வோம், ஒரு வருடம் தவணை கேட்போம். அவள் கேட்டாள், ஒரு வருடத்தில் இராசதுரை அண்ணை எங்கே இருப்பார்? தெரியாது என்று சொன்னால் பொறியியலாளர் பாதையை வெட்டப் போகிறாரா? தெரியாது என்று சொல்வது எங்களுக்குச் சுத்தம், அவ்வளவுதான். வெயிலில் தண்ணீர் வற்றிக் கணுக்காலளவுதான் நிற்கிறது. தடி இல்லாத இடமெல்லாம் நடந்து பார்ப்போம் என்றாள்.

தடி இல்லாத நடுவெளி கரையிலிருந்து நெடுந்தூரம். அங்கே போவதை நாங்கள் எப்போதும் தவிர்த்துவந்தோம். மறைப்பில்லாத வெளி. வானத்தில் இருந்து பார்த்தால் எறும்புகூடத் தெரியும். எனக்குப் பயம் என்று சொன்னேன். தனக்கும் பயம்தான் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அளவெடுக்கும் சதுர மரச்சட்டத்தை அவள், இடம் பார்த்து எறியாதபடி, முதுகுப் பக்கமாக எறிவாள். விழுந்த இடத்தை நான் பார்ப்பேன். பிறகு நடப்போம், மறுபடி எறிவாள். விழுந்த இடங்களில் இலை பழுத்து, அதன்மேல் பாசி சளிபோலப் படிந்திருந்தது. ஆனால் வெயில்காலத்தில் இலை பழுப்பது வழமை. வேர்த்தண்டு உயிரோடு இருந்தால் மாரியில் துளிர்த்துவிடும். அப்படியென்றால் அறிக்கை ஒருவேளை சரியாகவே இருக்கலாம் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. தீவுப் பக்கமிருந்து தாழ வந்தது. என் கால் தானாகக் கரையைப் பார்த்துத் திரும்பியது.

"ஓடாதை," என்றாள். "ஓடினால் சுடுவான். குனி. குனிஞ்சு இறால் பிடி."

சட்டத்தைக் காலால் சேற்றுக்குள் அமத்திவிட்டு அவள் குனிந்தாள். நானும் குனிந்தேன். இராசதுரை அண்ணையின் மனைவி செய்வதுபோல இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவினேன். காற்று மேலிருந்து அடித்து என் பாவாடையைத் தூக்கியது. தண்ணீர் சுற்றிவரச் சிலிர்த்தது. நிமிரக் கூடாது என்பதற்காக என் கைகளில் என்ன படுகிறது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படவேண்டியது படவில்லை. கயிறுபோல இறுகியிருக்க வேண்டிய வேர்த்தண்டு விரலுக்குள் கூழாகியது. இழுத்தபோது கறுப்பாக வந்தது. கூழ்முட்டை மணம் மூக்கில் ஏறியது. கொஞ்சம் நகர்ந்து துழாவினேன். அங்கேயும் கறுப்பு. இன்னும் நகர்ந்தேன். ஹெலிகொப்டர் ஒரு வட்டம் போட்டது. நான் குனிந்தபடியே நகர்ந்து நகர்ந்து துழாவிக்கொண்டு போனேன். அது எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. அவள் வந்து தோளில் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன்.

"எடி விசரி, அவன் போயிட்டான். நீ உண்மையாவே இறால் பிடிக்கிறாய்."

நான் கையை விரித்துக் காட்டினேன். அவள் மணந்து பார்த்தாள். பிறகு எங்கள் நடுப்பாத்திக்கு நடந்து போய், தடியடியில் கைவிட்டுப் பார்த்தோம். அங்கே மட்டும் தண்டு வெள்ளையாக, இறுக்கமாக இருந்தது. வேறெங்கும் இல்லை. பறவை எரு இல்லாத இடத்தில் புல் இலையில் மட்டுமல்ல, வேரிலேயே செத்துக்கொண்டிருந்தது. இந்த மாரியில் கடலேரித் தண்ணீர் ஓட்டம் கிடைக்காவிட்டால் அடுத்த மாரியில் துளிர்க்க எதுவும் மிஞ்சாது.

உங்களுக்கு இதில் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பயந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். நடிப்புக்குச் செய்த வேலையானாலும் அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

கூட்டத்தில் பொறியியலாளர், கிராம அலுவலர், எழுதுவினைஞர்கள் என்று ஒரு மேசை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இராசதுரை அண்ணை கதவடியில் நின்றார். நாங்கள் அறிக்கையைக் கொடுக்காமல், நடந்ததைச் சொன்னோம். தடிகள், சிரட்டைகள், பறவைகள், பிறகு வேர். பொறியியலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப மூண்டு வருசமா நீங்கள் நீர்க்காகத்தின்ரை எச்சத்தையோ அளந்தனீங்கள்?"

மேசை முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. அவள் அசையாமல் இருந்தாள்.

"ஓம் ஐயா. ஆனால் நல்லா அளந்தனாங்கள். அதாலைதான் எச்சமில்லாத இடத்திலை என்ன நடக்குதெண்டு இப்ப சொல்ல ஏலுது."

சிரிப்பு அடங்கியது. நான் கொண்டுபோன இரண்டு போத்தல்களை மேசையில் வைத்தேன். ஒன்றில் வெள்ளைத் தண்டு, மற்றதில் கறுப்பு. மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உடனே மூடச் சொன்னார்.

ஐப்பசியில், மழைக்கு முன், மதகைத் திறந்தார்கள். பனங்குற்றிகளை வண்டியில் ஏற்றி வந்தார்கள். மருந்து வாகனம் வரமுடியாத நாட்களில் நோயாளிகளைக் கதிரையில் வைத்துத் தண்ணீருக்குள்ளால் தூக்கினார்கள். இராசதுரை அண்ணை மண்வெட்டி பிடித்தார். "கரவெட்டியிலை பிடிக்கிறதை இஞ்சை பிடிக்கிறன்," என்றார். கடைசி மண்மூட்டையை இழுத்தபோது வெளிப்பக்கத்துத் தண்ணீர் சத்தத்தோடு உள்ளே பாய்ந்தது. எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் அதைப் பிறகுதான் கவனித்தேன்.

தடிகளை இனி வைத்திருக்க முடியாது. சேற்றுமட்டத்தோடு அரிந்துவிட்டோம். பாத்திகளை மறுபடி கண்டுபிடிக்க, கடலோடிகள் கரையைப் பார்த்து இடம் பிடிப்பதுபோல அவள் குறிகள் எடுத்தாள்: ஒரு பக்கம் இரட்டைப் பனையும் கோயில் கோபுரமும் ஒரு கோட்டில் வரவேண்டும், மறுபக்கம் தீவின் ஆலமரமும் பாலத்தின் வெள்ளைக்கல்லும். கோடுகள் வெட்டும் இடம் நடுப்பாத்தி. "நீந்தத் தெரியாட்டியும் இது எங்கடை இரத்தத்திலை இருக்கு," என்று பெருமையடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தக் குறிகளில் நின்றுதான் அளந்தோம். முதல் மாரியில் ஒன்றுமில்லை. அடுத்ததில் சேற்றுக்குள் இருந்து அங்குமிங்குமாகப் பச்சை வந்தது. புல் முழுவதும் திரும்பி வருமா என்று எங்களுக்குத் தெரியாது. அது தெரியவரும்வரை அளக்கவேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தது. நாங்கள் வெவ்வேறு நெரிசலில் போனோம். நான் தென்மராட்சியோடு நின்று, பிறகு திரும்பி வந்தேன். அவள் கிளாலியால் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனாள். நீந்தத் தெரியாதவள் எப்படிப் படகில் இருந்தாளோ என்று பல நாள் யோசித்தேன். பல வருடம் கழித்துக் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரிக்கவில்லை. "புல்லு என்ன மாதிரி?" என்றாள்.

போக முடியாது என்றேன். அந்தக் கரை இராணுவத்தின் முள்வேலிக்குள் இருந்தது. அவள் ஒவ்வொரு முறையும் அதையே கேட்டாள். நான் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். வேறு கடற்கரைகளில் வேறு புற்களை உங்களைப் போன்றவர்களோடு அளந்து என் சேவைக்காலம் போனது. நல்ல வேலைதான். ஆனாலும் சட்டத்தை எறியும்போதெல்லாம், முதுகுப் பக்கமாக எறியும் ஒரு கை பக்கத்தில் இல்லை என்பது தெரியும்.

வேலி எடுத்தபின், ஓர் ஆடி மாத வற்றில் தனியாகப் போனேன். பனங்குற்றிப் பாலம் இருந்த இடத்தில் இப்போது கொங்கிறீட். கீழே மதகு திறந்திருந்தது. ஆனால் இரட்டைப் பனை இல்லை. பனைகளெல்லாம் பதுங்குகுழிக்குப் போயிருந்தன. ஆலமரம் இல்லை. கோபுரம் புதிதாக, வேறிடத்தில் இருந்தது. வெள்ளைக்கல்லைக் காணவில்லை. குறி ஒன்றுமில்லாமல் அந்த வெளியில் நின்றேன். சுற்றிவர அகன்ற இலைப் புல் கண்ணுக்கு எட்டியவரை படுத்துக் கிடந்தது. அது வந்துவிட்டது. அந்தச் செய்தியே போதும் என்று திரும்ப நினைத்தேன். தூரத்தில் ஒரு பெண் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய் விசாரித்தேன். இராசதுரை அண்ணையின் மகள். அப்பா வன்னியிலேயே காலமாகிவிட்டார் என்றாள். பறியை விரித்துக் காட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது.

திரும்பி நடந்தபோதுதான் கண்டேன். அகன்ற இலைகளுக்கு நடுவில் ஒரு வட்டம் மட்டும் வேறு பச்சை. கரும்பச்சை. குனிந்து பார்த்தேன். நூல்போல மெல்லிய இலை, நெருக்கமாக. வட்டத்தின் நடுவில் கைவிட்டுத் துழாவினேன். அரிந்த தடியின் அடி, சேற்றுக்குள் வழுவழுவென்று இருந்தது. பறவைகள் போய் எத்தனையோ வருடம். அந்த எருவை மண் இன்னும் வைத்திருந்தது. நாங்கள் எடுத்த நல்ல குறிகள் எல்லாம் அழிந்துவிட்டன. எங்கள் பிழை மட்டும் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

தண்ணீருக்குள் நின்றபடியே அவளுக்கு எடுத்தேன். தூக்கக் குரலில் கேட்டாள்: "என்னடி, ஆருக்கும் ஏதுமோ?"

"நடுப்பாத்திக்குள்ளை நிக்கிறன்," என்றேன்.

குறிகள் அழிந்ததையும் கரும்பச்சை வட்டத்தையும் சொன்னேன். அவள் வட்டத்தின் அகலத்தைக் கேட்டாள். அளந்து சொன்னேன். இன்னொரு தரம் அளக்கச் சொன்னாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவள் அப்படிச் சொன்னாள். அளந்தேன். அதே அளவு.

"பறவை நிக்குதோ?"

"தடியில்லாத இடத்திலை பறவை எங்கை இருக்கிறது?"

"அப்ப நீ கொஞ்சம் அசையாமல் நில்," என்றாள். "வந்து இருக்கும்."

நின்றேன். அவளும் தொலைபேசியை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மதகுப் பக்கமிருந்து பெருக்கு வரத் தொடங்கியது. படுத்துக் கிடந்த புல் ஒவ்வொன்றாக எழும்பி, தண்ணீரோடு உள்பக்கமாகச் சாய்ந்தது. முழங்காலுக்கு ஏறும்வரை நின்றேன்.